மேனேஜர் உள்ளே இருக்கிறார்

சாவிக்காரருக்கு ஆடு வளர்க்க வேண்டும் என்று ஒருநாளும் ஆசை இருந்ததில்லை. கடைத்தெரு முனையில், செருப்புக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில், ஆள் உட்கார்ந்தால் முழங்கால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் அளவில் அவருக்கு ஒரு பெட்டிக்கடை. டூப்ளிகேட் சாவி போட்டுக் கொடுப்பது தொழில். சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தியவர்கள், பீரோ சாவியைக் குப்பையோடு கொட்டியவர்கள், சைக்கிள் பூட்டைப் பூட்டிவிட்டு சைக்கிளையே மறந்தவர்கள் என்று வருகிறவர்களைத் திட்டிக்கொண்டே அவருக்குப் பொழுது போய்விடும். ஆட்டுக்கு எங்கே நேரம்?

கால் உடைந்ததால் நேரம் வந்தது. மழைத்தண்ணீரில் ஸ்கூட்டர் வழுக்கி, வலது காலில் மாவுக்கட்டு, மூன்று மாதம் படுக்கை. முதல் வாரம் பார்க்க வந்தவர்கள் எல்லாம் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, ஸ்கூட்டரை எப்படி ஓட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இரண்டாவது வாரம் யாரும் வரவில்லை. மனைவி பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருப்பவள். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். சாவிக்காரர் மல்லாக்கப் படுத்து மின்விசிறியின் இறக்கைகளை எண்ணினார். எத்தனை தடவை எண்ணினாலும் மூன்றுதான் வந்தது.

மனிதர் கிறுக்காகிவிடுவார் என்று பயந்து மனைவி ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு வாங்கி வந்தாள். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: 'ஒருவர் மட்டுமே ஆடுவது. நடுக்கடலில் ஒரு தீவு. அங்கே உங்களைத் தவிர யாருமே இல்லை.'

தீவில் ஒரு குடிசை, ஒரு கிணறு, கொஞ்சம் புல்வெளி, ஒரு பெட்டை ஆடு. அந்த ஆடு அவருடைய கயிற்றைத் தின்றது, தொப்பியைத் தின்றது, பாடுபட்டுக் கட்டிய படகில் ஒரு பலகையைத் தின்றது. ஒரு வேலையும் செய்யாது. இவர் மண் கொத்தும்போது நிழலில் படுத்து, அசைபோட்டுக்கொண்டு, அரைக்கண்ணால் மேற்பார்வை பார்க்கும். ஆட்டுக்குப் பெயர் வைக்கச் சொல்லி விளையாட்டு கேட்டபோது, இவர் யோசிக்கவே இல்லை. 'மேனேஜர்' என்று அடித்தார்.

கால் சரியாகி, கடை திறந்து, பழையபடி ஊரைத் திட்ட ஆரம்பித்த பிறகும் சாயங்காலம் ஒரு மணி நேரம் மேனேஜரைப் பார்க்காமல் அவருக்கு இருப்புக் கொள்ளாது. அதன்மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். அந்த மூன்று மாதமும் அவரைப் பார்த்து 'கால் எப்படி இருக்கு' என்று கேட்காத ஒரே ஜீவன் அதுதான். "மேனேஜர் சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் மனைவி இவருக்கே தட்டு வைப்பாள். கிண்டல்தான். ஆனால் பதில் வரும்வரை காத்திருப்பாள்.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது கம்பெனி விளையாட்டை மேம்படுத்தியது.

மேம்பாடு என்னவென்றால், இனிமேல் நாலு நிமிடத்துக்கு ஒருமுறை விளையாட்டு இன்டர்நெட் வழியாகக் கம்பெனியைக் கூப்பிட்டு, ஆடுகிறவர் காசு கொடுத்து வாங்கியவர்தானா, திருட்டு நகலா என்று கேட்டுக்கொள்ளும். அந்த நேரத்தில் கடல் நின்றுவிடும், ஆட்டின் வாய் நின்றுவிடும். 'நீங்கள் நீங்கள்தானா என்று உறுதி செய்கிறோம். அதுவரை பொறுத்திருக்கவும்' என்று திரையில் வரும். முதல் தடவை சாவிக்காரர் பயந்துபோய் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மனைவி காபி கொண்டுவந்து நீட்டியபோதும் கையை எடுக்கவில்லை.

மனைவியின் தம்பி அதைப் பார்த்துச் சிரியாய்ச் சிரித்தான். அவன் கூரியர் வண்டி ஓட்டுகிறவன். அவனிடமும் அதே விளையாட்டு உண்டு. ஒரு பைசா கொடுக்காமல் சிநேகிதனிடம் வாங்கிய திருட்டு நகல். அது யாரையும் கூப்பிடாது, எதையும் கேட்காது.

"உங்களுக்கு எதுக்கு மாமா இந்த வம்பு? என்னுதையே போட்டுத் தரேன். சும்மா பிச்சுக்கிட்டு ஓடும்."

"ஊர்ல பாதி வீட்டுச் சாவி என் கைல வந்து போவுது," என்றார் சாவிக்காரர். "நானே திருட்டுச் சரக்கு வச்சிருக்கேன்னு தெரிஞ்சா எவன்டா நம்பிக் குடுப்பான்? அதுவும் இல்லாம உன்னோடதுல மேனேஜர் இல்ல."

அது உண்மை. மேம்பாட்டுக்குப் பிறகு அவருடைய தீவும் ஆடும் அவர் கம்ப்யூட்டரில் இல்லை. கம்பெனியின் சர்வருக்குக் குடிபோய்விட்டன. அது மட்டுமல்ல, இவர் ஆடாத நேரத்திலும் தீவில் வெயில் அடித்தது, பொழுது சாய்ந்தது, ஆட்டுக்குப் பசித்தது. காலம் நின்றால் யாராவது அதை நகல் எடுத்துவிடுவார்கள் என்று கம்பெனி விளக்கம் தந்திருந்தது.

இதற்கு நடுவில் மேனேஜர் சினையானது. தீவில் வேறு ஆடே கிடையாது. எப்படி என்று கம்பெனியைத்தான் கேட்க வேண்டும். "உங்களைத் தவிர யாருமே இல்லன்னு பெட்டில போட்டிருந்தானே," என்று மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். சாவிக்காரர் அந்தப் பேச்சுக்கே போகாமல் குடிசைக்குப் பின்னால் ஒரு கொட்டில் கட்டினார். ஒருநாள் சாயங்காலம் தீவில் காற்று பலமாக அடிக்கவே, நிறைமாத ஆட்டைக் கொட்டிலில் விட்டு, தாழ்ப்பாள் போட்டு, ஒரு வேளைப் புல்லும் வைத்துவிட்டு வந்து படுத்தார்.

மறுநாள் குழாய்க்காரர்கள் தெருவைத் தோண்டினார்கள். தண்ணீர்க் குழாயைத் தேடினார்கள்; இன்டர்நெட் கேபிள்தான் கிடைத்தது. அதை அறுத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

'நீங்கள் நீங்கள்தானா என்று தெரியவில்லை' என்றது விளையாட்டு. அதற்குமேல் திறக்கவில்லை. அன்றும் திறக்கவில்லை, அடுத்த நாளும் திறக்கவில்லை. கொட்டிலில் புல் தீர்ந்திருக்கும். தாழ்ப்பாளை வெளியிலிருந்துதான் எடுக்க முடியும். பிரசவ நேரத்தில் வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டால் ஆடு செத்துப்போகும் என்று விளையாட்டே முன்பு எச்சரித்திருந்தது. செத்தால் செத்ததுதான், திரும்பி வராது. சாவிக்காரருக்குக் கடையில் கை ஓடவில்லை. யாருடைய பீரோ சாவியையோ வாசல் கதவுக்கு ராவிவிட்டார். மதியத்துக்குமேல் பொறுக்க முடியாமல் கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டார்.

இனிமையான ஒரு இயந்திரக் குரல் எடுத்தது. அவர் ஆடுவது தங்கள் பாக்கியம் என்றது. "உங்கள் குறையை உங்கள் சொந்த வார்த்தைகளில் சொல்லுங்கள்."

சாவிக்காரர் சொந்த வார்த்தைகளில் சொன்னார். "ஆட்டையப் போட்டுப் பூட்டிட்டு வந்துட்டேம்மா. இப்ப உள்ள போக முடியல."

தமிழில் இதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. இயந்திரத்துக்கு ஒன்றைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"நன்றி. 'ஆட்டையைப் போட்டேன்' என்று சொன்னீர்கள். தாமாக முன்வந்து ஒப்புக்கொண்டதைப் பாராட்டுகிறோம். திருட்டுத் தடுப்புப் பிரிவுக்கு இணைக்கிறோம்."

ஃபோனில் கொஞ்ச நேரம் வீணை ஒலித்தது. பிறகு ஒரு பெண் வந்தாள். குரலை வைத்துப் பார்த்தால் வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாதவள்.

"வணக்கம் சார், திருட்டுத் தடுப்புப் பிரிவு. எதை சார் ஆட்டையப் போட்டீங்க?"

"என் ஆட்டைத்தாம்மா."

"உங்களோடதையே நீங்க போட்டீங்களா?"

"பின்ன, அடுத்தவன் ஆட்டையா போடுவேன்?"

தட்டச்சு சத்தம் கேட்டது. "எங்க சார் போட்டீங்க?"

"கொட்டில்ல."

"யாராவது பாத்தாங்களா?"

"தீவுல ஆளே கிடையாதேம்மா. அதெல்லாம் இருக்கட்டும். மேனேஜருக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு. நான் போயே ஆகணும்."

அந்தப் பக்கம் குரல் தணிந்தது. "மேனேஜருக்கு என்ன சார் ஆச்சு?"

"நிறைமாசம்மா."

"சார்," என்றாள் பெண், இன்னும் தணிந்து, "எங்க மேனேஜர நாங்க யாருமே பாத்ததில்ல. எல்லாத்துக்கும் அவர் அனுமதிதான் வேணும், ஆனா ஆளு எங்க இருக்காருன்னு தெரியாது. இருந்தாலும் அவரு ஆம்பளைன்னுதான் நாங்க நினைச்சுக்கிட்டிருக்கோம்."

சாவிக்காரர் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். கால் உடைந்தது, மின்விசிறி, தொப்பி, படகுப் பலகை, கொட்டில். பெண் ஒருதடவை களுக்கென்று சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "தண்ணியாவது வச்சிருக்கீங்களா சார்?" என்று கேட்டாள். ஒரு வாளி வைத்ததாக இவர் சொன்னார். அவள் பெருமூச்சு விட்டது இவருக்குக் கேட்டது.

"ஆனா சார், உங்க பேர்ல கேஸ் பதிவாயிடுச்சு. நான் அழிக்க முடியாது. ஒரிஜினல் பெட்டியும் அடையாள அட்டையும் எடுத்துட்டு நேர்ல வந்துடுங்க. அப்புறம், ஆடும்போது நீங்க தனியாத்தான் இருந்தீங்கன்னு சொல்ல ரெண்டு சாட்சி வேணும்."

"தனியா இருந்ததுக்கு சாட்சியா?"

"ஆமா சார். கூடவே இருந்து பாத்தவங்களா இருக்கணும்."

மறுநாள் மனைவி பல் ஆஸ்பத்திரியில் அரைநாள் லீவு சொன்னாள். "ஆட்டுக்கா பிரசவம்னு டாக்டர் கேட்டாரு. ஆமான்னுட்டேன்," என்றாள். தம்பியையும் இரண்டாவது சாட்சியாக இழுத்துக்கொண்டு வந்தாள். திருட்டு நகலில் ஆடுகிறவன் திருட்டுத் தடுப்புப் பிரிவுக்கு எப்படி வருவது என்று அவன் முரண்டு பிடித்தான். "உன்ன யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க, வாடா," என்றாள் அக்கா. "அவங்க காசு குடுத்தவங்களத்தான் பிடிப்பாங்க."

கம்பெனி அலுவலகம் ஒரு வங்கிக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது. 'வாடிக்கையாளர் நம்பிக்கை மையம்' என்று பலகை. அதற்குக் கீழே ஒரு கண்ணாடிக் கதவு. கதவுக்கு வெளியே படிக்கட்டில் ஏழெட்டுப் பேர் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தன்னைப் போலக் குறை சொல்ல வந்தவர்கள் என்று நினைத்து சாவிக்காரர் கடைசிப் படியில் உட்கார்ந்தார். அவர்கள் குறை சொல்ல வந்தவர்கள் அல்ல, அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள்.

விஷயம் இதுதான். அந்தக் கதவுக்குப் பூட்டு இல்லை, சாவி இல்லை. வருகிறவர் முகத்தைப் பார்த்து, தலைமையகத்தின் சர்வரைக் கேட்டு, ஆள் அவர்தான் என்றால் திறக்கும். அதே குழாய்க்காரர்கள் அந்தத் தெருவையும் தோண்டியிருந்தார்கள். உள்ளே மாட்டிக்கொண்ட காவலாளி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி வணக்கம் வைத்தார். கதவுதான் யாரையும் தெரியாது என்றது.

நாலு படி மேலே டை கட்டிய ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர்தான் நம்பிக்கை அதிகாரி. அவர் பக்கத்தில் கழுத்தில் ஹெட்ஃபோன் மாட்டிய பெண். சாவிக்காரர் வாயைத் திறந்ததுமே அவள் குரலைத் தெரிந்துகொண்டு நிமிர்ந்து, "மேனேஜர் எப்படி..." என்று ஆரம்பித்து, அதிகாரியைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

காத்திருக்கிற நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று அதிகாரி படிக்கட்டிலேயே விசாரணையைத் தொடங்கினார்.

"என்ன தொழில் பண்றீங்க?"

"டூப்ளிகேட் போடறதுங்க."

அதிகாரி ஒரு படி மேலே தள்ளி உட்கார்ந்தார். தொழிலைப் பற்றி மனைவி விளக்கிச் சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. வந்ததும் ஒரு யோசனையும் வந்தது. கதவைக் கொஞ்சம் பார்க்க முடியுமா என்று கேட்டார். சாவிக்காரர் எழுந்துபோய் மேலும் கீழும் தடவிப் பார்த்தார். "இதுல சாவி போட ஓட்டையே இல்லீங்களே. நான் என்ன பண்றது?" என்று சொல்லித் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"ஓட்டை இல்லாததுதான் இதோட சிறப்பே," என்றார் அதிகாரி. சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. "நீங்க எங்களைத் தப்பா நினைக்கக்கூடாது. எங்க கம்பெனிக்கு அடிப்படையே நம்பிக்கை. வாடிக்கையாளர் மேல அப்படி ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கை இன்னும் இருக்கான்னு நாலு நிமிஷத்துக்கு ஒருதடவ பாத்துக்கறோம், அவ்வளவுதான்."

"எங்க வீட்டுக்காரரு நாலு நிமிஷத்துக்கு ஒருதடவ ஃபோன் போட்டு 'நீ நீதானா'ன்னு கேட்டா, நான் எப்பவோ எங்கம்மா வீட்டுக்குப் போயிருப்பேன்," என்றாள் மனைவி.

"அம்மா வீட்டுக்குப் போனாலும் கேப்போம்மா. அங்கயும் இன்டர்நெட் இருந்தா போதும்."

தம்பிக்கு நாக்கு துறுதுறுத்தது. "சார், எனக்கு ஒரு சந்தேகம். எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன். அவன் திருட்டு நகல் வச்சிருக்கான்னு வச்சுக்குங்க. அவனுக்கும் இப்படித்தான் நின்னுபோவுமா?"

அதிகாரியின் முகம் வாடியது. "நிக்காது தம்பி. அதுதான் வேதனை. அவங்களுக்கு எங்க பாதுகாப்பு கிடையாது. எந்தப் பாதுகாப்பும் இல்லாம, ஒரு தடங்கலும் இல்லாம, பாட்டுக்கு ஆடிக்கிட்டே இருக்காங்க."

"பாவம் சார்," என்றான் தம்பி.

"சார், நான் பூட்டு வேலை பாக்கறவன்," என்றார் சாவிக்காரர். அவர் குதர்க்கம் பேசவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். "திருடன் உள்ள போயிடறான், வீட்டுக்காரன் வெளிய நிக்கறான்னா, அது என்ன பூட்டு?"

"நீங்க சொல்றது பழைய காலத்துப் பூட்டு. அதுல திருடன் ஒருத்தனைத்தான் சந்தேகப்படுவாங்க. எங்க முறையில பாகுபாடு கிடையாது. எல்லாரையும் சமமா நடத்தறோம்."

ஹெட்ஃபோன் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அதிகாரி மேலும் பேசியிருப்பார். கதவு திடீரென்று 'வருக' என்று சொன்னது. கேபிளை ஒட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. ஒவ்வொருவராக முகத்தைக் காட்டி உள்ளே போனார்கள். அதிகாரியை மட்டும் கதவு ஏற்கவில்லை. சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டே நின்றிருந்தார். அவருடைய அடையாள அட்டையில் இருக்கும் படத்தில் அவர் சிரிக்கவில்லை. முகத்தை உர்ரென்று வைத்த பிறகு விட்டது.

உள்ளே பெண் தன் மேசைக்கு ஓடினாள். சாவிக்காரரின் எண்ணைத் தட்டியதும் சுவரில் இருந்த பெரிய திரையில் தீவு விரிந்தது. குடிசை, கிணறு, கொட்டில்.

"இது என் தீவு," என்றார் சாவிக்காரர். "இது எப்படி இங்க?"

"எல்லார் தீவும் இங்க தெரியும் சார்," என்றார் அதிகாரி.

"அப்ப இத்தனை நாளா நான் அங்க தனியா இல்லையா?"

"இல்லவே இல்ல. நாங்க எப்பவுமே உங்க கூடத்தான் இருந்தோம். நீங்க தனியா இருக்கீங்களான்னு பாக்கறதுக்காக."

சாவிக்காரர் அதைக் காதில் வாங்கவில்லை. கொட்டிலுக்குள் மேனேஜர் படுத்திருந்தது. வாளி காலி. விலா எலும்பு தெரிந்தது. கழுத்தை நீட்டி நீட்டிக் கத்தியது. வலி எடுத்துவிட்டது. அவருக்கு ஆத்திரம் வந்தது. தாழ்ப்பாள் போட்டது அவர் கை. எடுப்பதற்கு அந்தக் கையை விடமாட்டேன் என்கிறார்கள்.

"சார், நான் ஒரு நிமிஷம் அதை..."

"நீங்க நீங்கதானான்னு இன்னும் முடிவாகலயே. விசாரணை அறிக்கை தலைமையகத்துக்குப் போயி, அங்கருந்து..." என்று ஆரம்பித்த அதிகாரி திரையைப் பார்த்ததும் வாக்கியத்தை விட்டுவிட்டார். ஆடு அவரை நேராகப் பார்த்துக் கத்தியது. அவர் டையைத் தளர்த்திக்கொண்டார். அந்த நேரம் பார்த்து பெண் மவுஸை மெதுவாகச் சாவிக்காரர் பக்கம் தள்ளினாள்.

சாவிக்காரர் தாழ்ப்பாளை எடுத்தார். கிணற்றிலிருந்து தண்ணீர் சேந்திக் காட்டினார். ஓடிப்போய்ப் புல் அறுத்து வந்து வாயருகில் வைத்தார். ஆடு இரண்டு வாய் தின்றது. பிறகு இவர் கையை அதன் வயிற்றில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அலுவலகம் முழுவதும் நாற்காலிகளை விட்டு எழுந்து அந்த மேசையைச் சுற்றி நின்றது. "பயப்படாதம்மா, இதோ ஆச்சு, இதோ ஆச்சு," என்று அதிகாரி ஆட்டிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு குட்டி விழுந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. இரண்டும் தாயை உரித்து வைத்தது போல இருந்தன. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீட்டில் இத்தனை நாள் கிண்டல் செய்ததெல்லாம் அவளுக்கு ஞாபகமே இல்லை.

அப்போது திரை சிவந்தது.

'எச்சரிக்கை. மூலத்தை முற்றிலும் ஒத்த இரண்டு பிரதிகள் கண்டறியப்பட்டுள்ளன. அனுமதியின்றி எடுக்கப்பட்ட பிரதிகள் இன்னும் சிறிது நேரத்தில் அழிக்கப்படும்.'

"அது பிரதி இல்ல சார். குட்டி," என்றார் சாவிக்காரர்.

"எங்க முறையில குட்டின்னு ஒரு வகை இல்லையே சார்," என்றார் அதிகாரி. அவருக்கு வியர்த்தது. "மூலம், பிரதி. ரெண்டுதான் இருக்கு."

"நிறுத்துங்க சார்," என்றாள் பெண்.

"நான் எப்படிம்மா நிறுத்த முடியும்? நான் நம்பிக்கை அதிகாரி. என்னை நம்பி யாரும் எதையும் குடுக்கலயே."

திரையில் ஒரு பட்டை மெல்லக் குறைந்துகொண்டே வந்தது. அதற்குக் கீழே ஒரு கட்டம். 'பிரதி எடுத்தவர் யார்?' குட்டிகளில் ஒன்று எழுந்து நிற்கப் பார்த்து, கால் பின்னி, மூக்கு மண்ணில் படும்படி விழுந்தது.

"உங்க பேரைப் போட்டு விடுங்க சார்," என்றாள் மனைவி.

"என் பேரைப் போட்டா நான் எடுத்த மாதிரி ஆயிடும்மா. அவர் பேரைப் போட்டா கேஸ் ரெண்டாயிடும்."

சாவிக்காரருக்கு இந்த நாள் முழுக்கவே ஒன்றும் புரியவில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு மட்டும் அவருக்குப் பதில் தெரியும். "எதுக்கு சார் பொய்யி? யார் எடுத்தாங்களோ அவங்க பேரையே போடுங்க. மேனேஜர்."

அதிகாரி திரும்பினார். "மேனேஜரா எடுத்தாரு?"

"ஆமா. நீங்களே கண்ணால பாத்தீங்களே."

அதிகாரி அந்த வேலையில் சேர்ந்து இத்தனை வருடத்தில் மேனேஜரைக் கண்ணால் பார்த்ததில்லை. அவர் பெண்ணைப் பார்த்தார். பெண் தன் ஹெட்ஃபோன் வயரில் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். தம்பி கூரையைப் பார்த்தான். பட்டை நூலாகிவிட்டது. அந்த அலுவலகத்தில் அந்தச் சொல் வந்த பிறகு யாரும் எதிர்க்கேள்வி கேட்டதில்லை. அவர் கையும் பழக்கதோஷத்தில் தானாகவே அடித்தது.

திரை பச்சையானது.

'மேனேஜர் எடுக்கும் பிரதிகளுக்கு அனுமதி தேவையில்லை. இடையூறுக்கு வருந்துகிறோம், மேனேஜர் அவர்களே.'

அதிகாரி தன்னை அறியாமல் எழுந்து நின்று சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். மேனேஜர் குட்டிகளை நக்கிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த சாவிக்காரரின் தொப்பியைத் தின்ன ஆரம்பித்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் குட்டிகளுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று பேச்சு வந்தது. "ஒண்ணுக்கு நம்பிக்கை அதிகாரின்னு வைங்க," என்றாள் மனைவி. "நல்ல மனசுதான். நிக்கத்தான் தெரியல."

கேஸ் என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. மேனேஜரே சம்பந்தப்பட்டிருப்பதால் அதை எடுத்துப் பார்க்க அலுவலகத்தில் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. சாட்சி சொல்ல வந்ததற்கு நன்றியாகத் தம்பிக்கு ஒரு ஒரிஜினல் பெட்டியை இலவசமாக அனுப்பினார்கள். ஆசையாய் அதைக் கம்ப்யூட்டரில் போட்டான். அது முதல் வேலையாகப் பழைய நகலை அழித்துவிட்டு, அவன் அவன்தானா என்று கேட்க ஆரம்பித்தது. அன்றிலிருந்து அவனும் அக்கா வீட்டு இன்டர்நெட், சிநேகிதன் வீட்டு இன்டர்நெட் என்று அலைகிறான்.

கொஞ்ச நாள் கழித்துத் தலைமையகத்திலிருந்து சாவிக்காரரின் கணக்குக்கு ஒரு செய்தி வந்தது. மேனேஜர் அவர்களுக்கு என்று விளித்திருந்தார்கள். ஒரே நாளில் கிளையின் ஆள்பலத்தை மூன்று மடங்காக்கியதற்குப் பாராட்டு. மேனேஜர் எங்கே இருக்கிறாரோ அதுவே இனிக் கிளை அலுவலகம். ஆகவே தீவு முழுவதையும் சர்வரிலிருந்து உங்கள் கம்ப்யூட்டருக்கே அனுப்பி வைத்திருக்கிறோம், பயன்படுத்திக்கொள்ளவும். ஏதாவது ஆலோசனை உண்டா என்றும் கேட்டிருந்தார்கள். சாவிக்காரர் அதை மனைவிக்குப் படித்துக் காட்டினார். "புல்லு அனுப்பச் சொல்லுங்க," என்றாள்.

தெருவில் இன்னும் தண்ணீர் வரவில்லை. அதனால் குழாய்க்காரர்கள் மறுபடி வந்து, மறுபடி தோண்டி, மறுபடி கேபிளை அறுத்தார்கள். சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வந்த சாவிக்காரருக்கு விஷயம் தெரிந்ததும் காபி இறங்கவில்லை. இரண்டு குட்டியும் இப்போதுதான் புல் கடிக்கப் பழகுகின்றன. எப்படியும் திறக்காது என்று தெரிந்தும் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். மனைவி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே பின்னால் வந்து நின்றாள்.

'நீங்கள் நீங்கள்தானா என்று உறுதி செய்கிறோம்' என்று வந்தது. இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு எழுத்து மாறியது.

'உறுதி செய்ய முடியவில்லை. பரவாயில்லை. மேனேஜர் உள்ளே இருக்கிறார். வரலாம்.'

தீவு திறந்தது. கம்பி அறுந்து கிடந்ததால் அந்தப் பக்கம் பார்க்க ஒருவரும் இல்லை. பெட்டியின் மேல் போட்டிருந்தது அன்றைக்குத்தான் முதல் தடவையாக உண்மையானது. சாவிக்காரர் புல்வெளியில் இறங்கி நடந்தார். குட்டிகள் முட்டி மோதிக்கொண்டு ஓடி வந்தன. நிழலில் படுத்திருந்த மேனேஜர் அரைக்கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது. யார் என்று கேட்கவில்லை. திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டு அசைபோட்டது.